குடம் நிற்கும் வரிசை: தாராவியும் ஆறடி இடைவெளியின் கணக்கும்

2020 ஏப்ரல் 1 அன்று மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அந்த நாட்களில் யாரைத் தொலைபேசியில் அழைத்தாலும் மணி ஒலிக்கும் முன் ஒரு குரல் அறிவுரை சொன்னது. கடைச் சுவர்களிலும் அதுவே ஒட்டப்பட்டிருந்தது. அந்த மாதம் 24ஆம் தேதி ஊராட்சித் தலைவர்களிடம் பேசிய பிரதமர் அதை ‘இரண்டு கஜ தூரம்’ என்று சுருக்கிச் சொன்னார். ஆறடி தள்ளி நிற்க வேண்டும். தாராவியின் பரப்பு ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டர். மாநகராட்சியின் கணக்கில் அதற்குள் வாழ்பவர்கள் எட்டரை லட்சம் பேர். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீடுகள்; இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பி வழிவிட வேண்டிய சந்துகள். அங்குள்ளவர்களில் 80 விழுக்காட்டினர் ஏறத்தாழ 450 பொதுக் கழிப்பறைகளை நம்பியிருந்தார்கள். விடியும் முன் தண்ணீர் டப்பாவோடு வரிசைக்கு வருபவரிடம் ஆறடி தள்ளி நிற்கச் சொன்னால் அவர் எங்கே போய் நிற்பார்? பலரும் இதை ஏழைகளின் அவலம் என்று வருந்திவிட்டுக் கடந்து போனார்கள். வருந்தி முடிக்க வேண்டிய விஷயமில்லை இது. போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு; விடையும் உண்டு. வரிசையில் இடைவெளி என்பது நிற்பவர் மனம் வைத்தால் வந்துவிடாது. எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் கொடுத்தால்தான் அது கிடைக்கும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘சமூக விலகல்’ என்ற தொடர் அப்போது தமிழில் பரவலாகப் புழங்கியது. விலகி நில் என்ற கட்டளையைத் தலைமுறைகளாகக் கேட்டுவந்த சமூகத்துக்கு அந்தத் தொடர் வேறு பொருள் தந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பொருளை நன்கு அறிவார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் மாதத்தில், வேண்டியது உடல்களுக்கு இடையிலான தூரம்தான், மனிதர்களுக்கு இடையிலான உறவு அறுபடக் கூடாது என்று தெளிவுபடுத்திச் சொல்லை மாற்றிக்கொண்டது. ஆனால் சொல்லை மாற்றினாலும் அடிப்படை எண்ணம் மாறவில்லை. இரண்டு தொடர்களுமே விலக வேண்டிய கடமையைத் தனிமனிதர் மேல் சுமத்தின. விலகுவதற்கான இடத்தை யார் தருவது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

வரிசைகளைப் பற்றி உலகில் மிக நுட்பமாக ஆராய்ந்தவர்களில் உல்லாசப் பூங்காக்களை நடத்துபவர்கள் முக்கியமானவர்கள். காத்திருப்பு கசந்தால் மறுமுறை வாடிக்கையாளர் வரமாட்டார் என்பதால் அவர்களுக்கு இது பிழைப்புக் கேள்வி. அவர்களுடைய வரிசை நேராகப் போகாது. கம்பிகளுக்கிடையே மடிந்து மடிந்து, புடவையை மடித்து அடுக்கியதுபோல், சிறிய செவ்வகத்துக்குள் நீண்ட தூரத்தை அடைத்துவிடும். பெருந்தொற்று வந்த பிறகு இந்த மடிப்பே சிக்கலானது. தரையில் ஆறடிக்கு ஒரு கோடு போட்டால் முன்னே நிற்பவருக்கும் பின்னே நிற்பவருக்கும் இடையில் தூரம் கிடைக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம், அடுத்த மடிப்பில் நிற்பவரோ கையெட்டும் தூரத்தில் இருப்பார். ஒவ்வொரு திருப்பத்திலும் அதே முகங்கள் மறுபடி மறுபடி அருகே வந்து போகும். 2020 ஜூலை 11 அன்று ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, பக்கவாட்டு மடிப்புகளுக்கு இடையே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தடுப்புகளை நட வேண்டியிருந்தது இதனால்தான். அந்தப் பூங்கா அதோடு நிற்கவில்லை. முன்பதிவு இல்லாமல் உள்ளே வர முடியாது என்று விதித்து, வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. தரைக்கோடு எல்லோர் கண்ணிலும் பட்டது. வேலையைச் செய்ததில் பெரும்பங்கு முன்பதிவுப் பட்டியலுக்கு உண்டு.

ஏன் என்பதை ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு விதி எளிமையாகச் சொல்லிவிடுகிறது. ஒரு வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை, ஒரு மணி நேரத்தில் வந்து சேர்பவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 1000 பேர் வந்து, ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் எப்போதும் 1000 பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஆளுக்கு இரண்டடி என்றால் வரிசையின் நீளம் 2000 அடி. ஆளுக்கு ஆறடி என்றால் 6000 அடி, அதாவது 1.8 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நிற்பதற்கு ஆறடிக்கு ஒரு வட்டம் தரையில் வரைந்ததால் வரிசை மும்மடங்கு நீண்டது. நிற்பவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. அந்த 6000 அடிக்கு இடமில்லாத ஊரில் வட்டங்கள் சுண்ணாம்பாகத் தரையில் கிடக்கும், மனிதர்கள் அவற்றுக்கு இடையிலும் நிற்பார்கள். எண்ணிக்கை குறைய வேண்டுமானால் வருகையைப் பகுத்து நேரங்களில் பரப்ப வேண்டும், அல்லது கவுன்ட்டர்களைக் கூட்டிக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும். இரண்டுமே வரிசையில் நிற்பவரின் கையில் இல்லை.

இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் 26 முதல் 29 வரை நான்கு நாட்கள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் மிஞ்சியது 25ஆம் தேதி ஒரே நாள். நான்கு நாளுக்கான காய்கறியை அந்த ஒரு நாளில் வாங்க வேண்டும். கோயம்பேடு சந்தை நிரம்பி வழிந்தது. அடுத்த வாரங்களில் அந்தச் சந்தையோடு தொடர்புடைய தொற்றுகள் பல மாவட்டங்களில் கண்டறியப்பட்டன; மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, பின்னர் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. கூட்டத்தைக் குறைப்பதற்காக எடுத்த முடிவே, நாலைந்து நாளுக்குரிய வருகையை ஒரு நாளுக்குள் நெருக்கியது. கடை நேரத்தைக் குறைத்த ஊர்களிலெல்லாம் இதன் சிறிய வடிவம் நடந்தது. திறந்திருக்கும் நேரம் பாதியானால், அதே தேவை உள்ளவர்கள் அந்தப் பாதி நேரத்துக்குள் இருமடங்கு வேகத்தில் வந்து குவிகிறார்கள்.

மதுக்கடைகளில் இதற்கு நேர்மாறான பாடம் கிடைத்தது. மே 7 அன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் திறந்தன. வட்டங்கள், மூங்கில் தடுப்புகள், போலீஸ், திருப்பூர் மாவட்டத்தில் குடையோடுதான் வர வேண்டும் என்ற கட்டளை எல்லாம் இருந்தும் கூட்டம் நெரிந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்த பின், மே 16 முதல் கடைகள் வேறு முறையில் திறந்தன. கடைக்கு ஒரு நாளைக்கு 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறம். வாங்க வந்தவர்கள் அதே ஆட்கள், கடைகளும் அவையே. ஒன்பது நாட்களுக்குள் அந்த மனிதர்களுக்குப் புதிதாக ஒழுக்கம் ஊட்டப்பட்டிருக்க முடியாது. முதல் நாளில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது: எந்த நாளில் எத்தனை பேர் என்ற வரம்பு.

டோக்கன் என்ற யோசனையை அதிகாரிகளோ டிஸ்னியோ கண்டுபிடித்துத் தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் லாரி வரும் தெருவையோ, மும்பையில் காலையில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் குழாயடியையோ பார்த்தால் போதும். பச்சை, நீலம், ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு குடத்தின் கழுத்தில் அடையாளத்துக்குத் துணிக்கிழிசல், இன்னொன்றின் அடியில் பெயின்ட்டால் எழுதிய எழுத்து. குடத்துக்கு உரியவள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ‘என் குடம் அந்த ஆரஞ்சுக் குடத்துக்குப் பின்னால’ என்ற ஒரு வார்த்தை அவளுக்கு ரசீது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சி. ரேஷன் கடை வாசலில் குடத்தின் இடத்தில் பையோ, செருப்போ, செங்கல்லோ இருக்கும். 2020 கோடையில் வட்டங்களுக்குள் பைகளை வைத்துவிட்டு உரியவர்கள் நிழலில் ஒதுங்கியிருந்த காட்சிகள் நாளிதழ்களில் வந்தன. அவற்றை ஒழுங்கின்மைக்கு எடுத்துக்காட்டாகக் கண்டித்தவர்கள் உண்டு. உண்மையில் அது அந்தத் தெருவின் மிகச் சிறந்த நோய்த்தடுப்பு ஏற்பாடு. முறை காக்கப்பட்டது, உடல்கள் நெருங்கவில்லை. 1999இல் டிஸ்னி பூங்கா ‘ஃபாஸ்ட்பாஸ்’ சீட்டு மூலம் செய்ததும் இதேதான்: உங்கள் இடத்தை ஒரு சீட்டு பிடித்துக்கொள்ளும், நீங்கள் வேறெங்காவது இருங்கள்.

திருப்பதி வைகுண்டம் வரிசை வளாகம் இதே எண்ணத்தைப் பெரிய அளவில் கட்டடமாக்கியது. அங்கே பக்தர்கள் அறை அறையாக உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்; அறை திறக்கும்போது நகர்கிறார்கள். நேரம் குறித்த தரிசன டோக்கனும் நடைமுறையில் உள்ளது. 2020 மார்ச்சில் தரிசனம் நிறுத்தப்பட்டு ஜூன் 11 அன்று பொதுமக்களுக்கு மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 6000 பேர் என்ற வரம்போடுதான் தொடங்கியது. ஆனால் அதே திருப்பதி ஓர் எச்சரிக்கையும் தந்தது. 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். நெரிசலைத் தவிர்ப்பதற்கான சீட்டை வாங்கும் வரிசையே உயிரைக் குடித்தது. டோக்கன் இருந்தால் போதாது. அதை வாங்க இன்னொரு வரிசையை உண்டாக்காமல் இருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 1000 ரூபாய் நிவாரணத்துக்கும் ரேஷன் பொருளுக்கும் நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. குடத்தின் பாடத்தைச் சரியாகப் படித்த ஏற்பாடு அது.

இதுவரை சொன்னவையெல்லாம் நேரத்தை நகர்த்தக்கூடிய வரிசைகள். ராட்டினமும் ரேஷனும் தரிசனமும் நாளைக்குத் தள்ளிப்போகலாம். தாராவியின் காலை வரிசை அப்படிப்பட்டதல்ல. எட்டரை லட்சத்தில் 80 விழுக்காடு என்றால் 6,80,000 பேர். 450ஆல் வகுத்தால் கழிப்பறைத் தொகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ 1500 பேர். ஒரு தொகுதிக்கு 20 இருக்கை என்று வைத்துக்கொண்டாலும் ஓர் இருக்கைக்கு 75 பேர். தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் வழிகாட்டுதல், ஆண்களுக்கு 35 பேருக்கு ஓர் இருக்கை, பெண்களுக்கு 25 பேருக்கு ஓர் இருக்கை என்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஓர் இருக்கை ஒரு மணி நேரத்தில் 12 பேருக்குப் பயன்படும். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை 48 பேருக்கு. மீதி 27 பேர்? அவர்கள்தான் சந்தில் நிற்பவர்கள், அல்லது இருட்டில் எழுந்து வருபவர்கள், அல்லது அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள். இங்கே டோக்கன் கொடுத்துப் பயனில்லை. உடல் சீட்டு பார்த்து நடக்காது. 20 இருக்கைத் தொகுதியின் முன் 100 பேர் ஆறடி விட்டு நின்றால் 600 அடிச் சந்து தேவை. இந்த வரிசைக்கு ஒரே மருந்து இருக்கைகளைக் கூட்டுவது. பின்னர் தாராவியில் 111 இருக்கைகளோடு ஒரு பெரிய பொதுக் கழிப்பறை வளாகம் கட்டப்பட்டது நல்ல தொடக்கம். தேவையின் அளவுக்கு முன் அது ஒரு தொடக்கம் மட்டுமே.

வீட்டுக்குள் கழிப்பறை உள்ளவர்களுக்கும் இப்படி வரிசையில் நிற்பவர்களுக்கும் உள்ள வேறுபாட்டின் விலை என்ன என்பதை 2020 ஜூலையில் மும்பையில் நடந்த ரத்த ஆய்வு காட்டியது. நிதி ஆயோக், மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து மூன்று வார்டுகளில் 6,936 மாதிரிகளைச் சோதித்தன. அவற்றில் ஒன்று மாட்டுங்காவை உள்ளடக்கிய எஃப் வடக்கு, இன்னொன்று செம்பூரை உள்ளடக்கிய எம் மேற்கு. மூன்றாவது தகிசர் பக்கமுள்ள ஆர் வடக்கு. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும், மற்ற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினரிடமும் நோய் எதிர்ப்பொருள் இருந்தது. ஆகஸ்ட் மாத இரண்டாம் சுற்றில் இவை 45, 18 என்று வந்தன. ஒரே வார்டு, ஒரே ஊரடங்கு, ஒரே அறிவிப்பு, ஒரே போலீஸ். ஒரு சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொற்று இவ்வளவு வேறுபட்டதற்கு இரண்டு பக்கத்து மனிதர்களின் கட்டுப்பாட்டைக் காரணம் சொல்ல முடியாது. பொதுக் கழிப்பறை போன்ற பகிர்ந்துகொள்ளும் வசதிகளும் மக்கள் நெருக்கமும் காரணமாகலாம் என்று ஆய்வை வெளியிட்டவர்களே குறிப்பிட்டார்கள். வரிசை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஒரே அறையில் எட்டுப் பேர் உறங்கும்போது வீட்டுக்குள்ளேயே தொற்று பரவும். ஆனால் கதவுக்குள்ளேயே குழாயும் கழிப்பறையும் உள்ள குடும்பம் வெளியே வராமல் இருக்க முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஊரடங்கைக் கடைப்பிடிக்கும் வசதி அந்தக் குழாயிலும் கழிப்பறையிலும் இருந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தாராவி நோயைக் கட்டுப்படுத்திக் காட்டியதே, 2020 ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே அதைச் சுட்டிக்காட்டினாரே, அப்படியானால் இடைவெளி இல்லாமலும் வெல்லலாம் என்பதுதானே பொருள்? தாராவி அடங்கிய ஜி வடக்கு வார்டின் உதவி ஆணையராக இருந்த கிரண் திகாவ்கரும் அவருடைய குழுவும் அங்கே என்ன செய்தார்கள் என்பதைக் கூர்ந்து பார்த்தால் வாதம் வேறு பக்கம் திரும்புகிறது. அவர்கள் முதலில் ஒப்புக்கொண்டது, இங்கே தனித்து இருக்கச் சொல்வது வீண் என்பதை. உள்ளூர் மருத்துவர்கள் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் முகாம்கள் நடந்தன. பள்ளிகளும் விளையாட்டு வளாகமும் தனிமை மையங்களாயின. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அருகே 200 படுக்கை மருத்துவமனை சில வாரங்களில் எழுந்தது. கழிப்பறைகள் ஒரு நாளில் பலமுறை கிருமிநீக்கம் செய்யப்பட்டன. இடைவெளியை மக்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, நிர்வாகம் அதைத் தேடிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பியதும் நெருக்கத்தைத் தளர்த்தியிருக்கும். இந்த அனுபவம் என் வாதத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

நகர்த்த முடிந்ததற்கும் முடியாததற்கும் நடுவே இன்னொரு வரிசை இருக்கிறது: வேலைக்குப் போகும் ரயில். உல்லாஸ்நகர், விட்டல்வாடி, கல்யாண் பக்கத்துத் தமிழர்கள் உட்படப் பல லட்சம் பேருக்கு மும்பையின் புறநகர் ரயில்தான் பிழைப்பின் வாசல். 2020 மார்ச்சில் நின்ற அந்த ரயில், 2021 பிப்ரவரி 1 முதல் எல்லோருக்கும் திறந்தது, ஆனால் நேர வரம்போடு: முதல் வண்டியிலிருந்து காலை ஏழு வரை, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை, இரவு ஒன்பதுக்குப் பின். வருகையைப் பகுப்பதுதான் வழி என்று மேலே சொன்னேன். இது அதைத்தானே செய்தது? உல்லாஸ்நகரிலிருந்து மாட்டுங்காவில் பத்து மணி வேலைக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஏழு மணிக்குள் வண்டி ஏற வேண்டும்; மாலை ஆறுக்கு வேலை முடிந்தால் ஒன்பது வரை நகரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். ரயிலின் நேரத்தைப் பிரித்தவர்கள் அலுவலகத்தின் நேரத்தைப் பிரிக்கவில்லை. காத்திருப்பு குறையவில்லை, ரயில் மேடையிலிருந்து தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடம் மாறியது. 2023 நவம்பரில் மத்திய ரயில்வே தன் தலைமையக ஊழியர்களுக்கு இரண்டு வேறு வேலை நேரங்களை வைத்து, மற்ற நிறுவனங்களையும் அவ்வாறு செய்யக் கேட்டுக்கொண்டது. சரியான முனையைப் பிடித்த முயற்சி அது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசல் மிகுந்த வண்டிகளிலிருந்து விழுந்து பயணிகள் இறந்தபோது, கோரிக்கையாகவே அதை விட்டுவைத்ததன் விலை தெரிந்தது.

நம் மக்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியாது, அவர்களைத் திருத்தாமல் எந்த ஏற்பாடும் பலிக்காது என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. மும்பையின் பேருந்து நிறுத்தங்களில் போலீஸ் இல்லாமலேயே மக்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதைப் பிற ஊரார் வியந்து பேசுவது வழக்கம். அதே மனிதர் ரயில் மேடையில் முண்டியடிக்கிறார். பேருந்துக்குக் காத்திருப்பவருக்குத் தன் முறை வரும் என்ற நம்பிக்கை உண்டு. ரயில் நின்று கிளம்பும் சில நொடிகளில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. முறை வரும் என்று தெரிந்தவர் தள்ளமாட்டார். சரக்கு தீர்ந்துவிடும், கதவு மூடிவிடும் என்று அஞ்சுபவரே தள்ளுவார். அந்த அச்சத்தைப் போக்குவதும் ஏற்பாட்டின் வேலைதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நேரம் குறித்துக் கொடுக்கும் முறை, வசதி உள்ளவர்களுக்கே சாதகமாகிவிடாதா? ஆகிவிடக்கூடும். பூங்காக்களில் கூடுதல் பணம் கொடுத்தால் முன்னால் போகலாம் என்ற சீட்டு வந்துவிட்டது. பணம் கொடுக்காதவரின் காத்திருப்பு அந்த அளவுக்கு நீள்கிறது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் செயலியில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். கைபேசியும் வேகமான விரலும் ஆங்கிலமும் உள்ளவர்கள் செம்பூரிலிருந்து வேறு ஊர் மையங்களில்கூட இடம் பிடித்தார்கள். பக்கத்துச் சந்தில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதம் 24 முதல் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழி விடப்பட்டது. மே 31 அன்று உச்ச நீதிமன்றம் இந்த டிஜிட்டல் ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பியது. இதிலிருந்து கொள்ள வேண்டிய முடிவு நேரம் குறிப்பதைக் கைவிடுவது அன்று. சீட்டுக்கு விலை இருக்கக் கூடாது. அது கைபேசியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆளைத் தேடி அது வர வேண்டும். குழாயடிக் குடத்துக்கு இவற்றில் முதல் இரண்டு குணங்களும் இருந்தன. அதை வைக்கக் காசு வேண்டாம், எழுத்து வேண்டாம், யார் குடமும் இன்னொருவர் குடத்தைத் தாண்டாது.

பெருந்தொற்று போய்விட்டது, இனி எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்கலாம். காசநோயும் காய்ச்சலும் போகவில்லை. நெரிசல் சாவுகளும் நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய பாலத்தில் 23 பேர் இறந்தபோது இந்தப் பெருந்தொற்று வந்திருக்கவே இல்லை. எனவே பொதுமக்களை நிற்க வைக்கும் ஒவ்வோர் இடமும், அது கழிப்பறையோ ரேஷன் கடையோ கோயிலோ பூங்காவோ, இரண்டு எண்களைக் கணக்கெடுத்து வாசலில் எழுதி வைக்க வேண்டும்: நெரிசலான நேரத்தில் மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேரை அனுப்ப முடிகிறது. முதல் எண் பெரிதாக இருந்தால், நேரத்தை நகர்த்தக்கூடிய இடங்களில் வீடு தேடி டோக்கன் போக வேண்டும். நகர்த்த முடியாத இடங்களில் இருக்கையும் கவுன்ட்டரும் வண்டியும் கூட வேண்டும். தாராவியில் ஓர் இருக்கைக்கு 75 பேர் என்பதற்கும் 25 பேர் என்பதற்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கும்போதுதான் காலை ஐந்து மணிக்கு அந்தச் சந்தில் நிற்பவருக்கு ஆறடி கிடைக்கும். அதுவரை அவரைத் தள்ளி நிற்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.